பிக் கிரிஸ்டலும் இரட்டை மூடியும்: விரலில் சுழற்ற எந்தப் பேனா?

ஜனவரியில் பள்ளி திறக்கும் வாரம் ரோஸ் ஹில்லிலும் கியூர்பிப்பிலும் எந்த எழுதுபொருள் கடைக்குப் போனாலும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பிக் கிரிஸ்டல் நிற்கும். ஒரு ஜோடி தால்பூரி வாங்கும் காசுக்குள் கிடைக்கிற பேனா. மொரீசியஸ் பிள்ளைகளின் விரலில் முதலில் சுழல்வதும் இதுதான், முதலில் தரையில் விழுவதும் இதுதான். "எனக்கு விரல் வளையாது" என்று பலரும் அந்த முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் விரலைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் முயன்ற வித்தைக்கு அந்தப் பேனாவின் எடை போதாது.

இங்கே மூன்று பேனாக்களைப் பார்க்கிறோம்: பிக் கிரிஸ்டல், இரு முனையிலும் மூடி வைத்து வீட்டிலேயே செய்யக்கூடிய இரட்டை மூடிப் பேனா, இணையத்தில் வாங்கும் கனமான சுழற்று பேனா. ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டியது, விரல் எவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கிறது, பேனா எவ்வளவு தானாக ஓடுகிறது என்பதுதான்.

பேனா சுழற்றுபவர்களிடையே ஓயாமல் நடக்கும் வாதமும் இதைப் பற்றியதே. பேனாவை ஒவ்வொரு கணமும் விரலின் பிடியில் வைத்திருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. ஒருமுறை தள்ளிவிட்டு அதன் ஓட்டத்துக்கு விட வேண்டும் என்பது மறுகட்சி. வித்தைக்கு வித்தை பதில் மாறும். ஃபிங்கர்பாஸ் என்ற வித்தையில் பேனா விரல்களின் இடுக்கு இடுக்காகச் சுண்டுவிரல் வரை போய், மணிக்கட்டு திரும்ப, அதே வழியில் மீண்டும் வரும். ஒவ்வோர் அரைச்சுற்றையும் ஒரு விரல் தள்ளியாக வேண்டும். தம்பரவுண்ட் அப்படியில்லை. நடுவிரல் ஒரு தள்ளு தள்ளியதும் பேனா பெருவிரலின் மேலாகச் சுற்றி வரும். அந்தச் சுற்றின்போது எந்த விரலும் அதைத் தள்ளுவதில்லை. பம்பரத்தைச் சாட்டையிலிருந்து விட்ட பிறகு கை தொடாதே, அந்த மாதிரி. பேக்கரவுண்ட், ஸ்பிரெட், பஸ்ட் என்ற வித்தைகள் எல்லாம் தம்பரவுண்டின் உறவு. சோனிக் என்ற வித்தை இரண்டுக்கும் நடுவே நிற்கும்: தொடக்கம் விரல், நடுவில் ஓட்டம், முடிவில் மறுபடி விரல்.

முதலில் பிக். 1950இல் வந்த பேனா இது. மரப்பென்சில் போல அறுகோண உடல், அதனால் மேசையில் உருளாது. எடை சுமார் 6 கிராம், நீளம் சுமார் 15 செ.மீ. எழுத இதைவிட வேறென்ன வேண்டும்? சுழற்றும்போதுதான் கணக்கு மாறுகிறது. ஒரு பொருள் சுழற்சியை எவ்வளவு தக்கவைத்துக்கொள்ளும் என்பதற்கு நிலைமத் திருப்புத்திறன் என்று பள்ளியில் பெயர் சொல்வார்கள். எடை நீளம் முழுவதும் சமமாகப் பரவிய குச்சிக்கு அது எடை × நீளத்தின் வர்க்கம் ÷ 12. பிக்குக்குப் போட்டால் ஏறக்குறைய 110 வரும் (கிராம், சென்டிமீட்டர் கணக்கில்). நீளம் 20 செ.மீ., எடை 18 கிராம், அதில் 12 கிராம் இரு முனைகளுக்கு அருகில் உள்ள இரட்டை மூடிப் பேனாவுக்கு ஏறக்குறைய 1170 வரும். பத்து மடங்குக்கும் மேல். எடை மூன்று மடங்குதான் கூடியது. மிச்சத்தை நீளமும், எடை உட்கார்ந்த இடமும் கொடுத்தன.

காவடி பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தைப்பூசத்தன்று காவடியின் இரு முனையிலும் பால் சொம்பு கட்டியிருக்கும். எடுத்தவர் திரும்பத் தொடங்கும்போது அது தயங்கும், நிற்க நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் இழுத்துப் போகும். இரட்டை மூடிப் பேனா விரலில் செய்வதும் அதேதான். தயக்கம், இழுப்பு இரண்டும் சேர்ந்துதான் வரும். ஒன்றை மட்டும் வாங்க முடியாது.

பிக்கில் தம்பரவுண்ட் செய்தால் முக்கால் சுற்றிலேயே ஓட்டம் செத்துவிடும். பெருவிரல் நகத்தருகே பேனா தடுமாறும், அறுகோண விளிம்பு தோலில் இடறும், கீழே விழும். மூடியைப் பின்னால் மாட்டினால் நீளம் கூடும். ஆனால் சமநிலைப் புள்ளி மூடிப் பக்கம் நகர்ந்துவிடும், மூடியின் கொக்கியும் பெருவிரலில் இடிக்கும். ஓட்ட வித்தைகளுக்கு பிக்கைப் பரிந்துரைக்க மாட்டோம். ஃபிங்கர்பாஸுக்கோ அதைப்போல் ஆசான் கிடையாது. வினாடிக்கு ஒரு விரல் என்று மெதுவாகச் செய்து பாருங்கள். மோதிர விரல் தள்ளாவிட்டால் பேனா மோதிர–சுண்டு இடுக்கில் செங்குத்தாக நின்றுவிடும். கனமான பேனா இந்தத் தவறை மறைத்துவிடுகிறது, முந்தைய விரலின் வேகத்திலேயே கடந்து போய்விடும். பல மாதம் பழகியவர்களிடம்கூடச் சோம்பேறி மோதிர விரல் இருப்பதற்கு இதுவே காரணம்.

அடுத்து இரட்டை மூடி. ஒரே மாதிரி இரண்டு ஸ்கெட்ச் பேனா வேண்டும், உருண்டை உடல், கொக்கியில்லாத மூடி. கொக்கி இருந்தால் பிளேடால் சீவி, உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். முதல் பேனாவின் பின் அடைப்பைக் குறடால் பிடுங்கி மைக்குழலை உருவுங்கள். பழைய செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள், அந்த மை விரலிலிருந்து இரண்டு நாள் போகாது. இரண்டாவது பேனாவின் மைக்குழலையும் அப்படியே உருவிவிட்டு, மூடியின் வாய்க்கு 3 செ.மீ. பின்னால் மெல்லிய ரம்பத்தால் அறுத்து, முன்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்க்க உள்ளே ஒரு தண்டு தேவை. காலியான பிக் உடலை 8 செ.மீ. வெட்டி, இறுகும்வரை செல்லோடேப் சுற்றி, பாதியை இந்தப் பக்கமும் பாதியை அந்தப் பக்கமும் செருகினால் போதும். பசை இப்போது வேண்டாம், எடை சரிபார்த்த பிறகுதான்.

எடைதான் உயிர். சுவரில் படம் ஒட்டப் பயன்படும் மாவு போன்ற பசையை 3 கிராம் உருட்டி ஒவ்வொரு மூடியின் அடியிலும் பென்சிலால் அழுத்துங்கள். காற்றிடைவெளி விட்டால் நாலு நாளில் கழன்று உள்ளே ஆடும், ஒவ்வொரு சுற்றுக்கும் எடை இடம் மாறும். ஜெல் பேனாவின் ரப்பர் பிடியைக் கழற்றி ஒவ்வொரு முனையிலும் மூடியின் மேல் ஒன்று மாட்டுங்கள். அது எடையும் கூட்டும், பிடிக்கும்போது வழுக்காமலும் காக்கும். நடுப்பகுதியில் ரப்பர் வேண்டவே வேண்டாம். பிறகு 0.1 கிராம் காட்டும் சிறு தராசில் இரண்டு முனைப் பாகங்களையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். முழுப் பேனாவையும் அடிக்கோல் விளிம்பில் குறுக்கே வையுங்கள். நடுவிலிருந்து 2 மி.மீ.க்குள் நின்றால் நல்ல பேனா. 5 மி.மீ. தள்ளி நின்றால் தம்பரவுண்ட் ஒரு பக்கம் பிடித்துத் தொடங்கும்போது நன்றாக வரும், மறுபக்கம் பிடித்தால் விழும். கை சரியில்லை என்று நினைத்து ஒரு மாதம் வீணாகும்.

இனி இந்தப் பேனாவில் தம்பரவுண்ட். நடுவுக்கு ஒரு விரல் அகலம் தள்ளி, பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடியுங்கள், சுட்டுவிரல் சும்மா மேலே தொட்டிருக்கட்டும். தள்ளுவது நடுவிரல் மட்டும், உள்ளங்கையை நோக்கி மடங்குகிற மாதிரி. தொடங்குபவர்கள் சுட்டுவிரலால் தள்ளுவார்கள். பேனா சுற்றாமல் முன்னால் பறக்கும். மணிக்கட்டைச் சுழற்றினால் பேனாவோடு பெருவிரலும் நகர்ந்து, சுற்ற அச்சே இல்லாமல் போகும். தள்ளிய நடுவிரலை உடனே வழியிலிருந்து எடுக்காவிட்டால் திரும்பி வரும் பேனா அதில் இடிக்கும். எல்லாம் சரியாக இருந்தும் பிடிக்க முடியவில்லையென்றால் தள்ளு அதிகம். பாதியாகக் குறையுங்கள். இரட்டை மூடியை வாங்கிய அல்லது செய்தவர்கள் பிக்குக்குக் கொடுத்த அதே பலத்தைக் கொடுப்பதுதான் முதல் வாரத்தில் அதிகம் நடக்கும் தவறு.

பிடியா ஓட்டமா என்ற வாதத்துக்கு எங்கள் பதில் இந்த ஒரு வித்தையிலேயே இருக்கிறது. கட்டுப்பாடு இரண்டு இடத்தில் வேண்டும்: தள்ளும் கணம், பிடிக்கும் கணம். நடுவில் விரல் தலையிடக் கூடாது. நடுவிலும் திருத்தப் பார்க்கிற கை, ஊஞ்சலைப் பாதியில் பிடித்து இழுக்கிற கை மாதிரி ஆட்டத்தைக் கெடுக்கும்.

இணையத்தில் ஆர்டர் செய்தால் வரும் சுழற்று பேனாக்களில் 25 கிராமுக்கு மேல் போகிறவை உண்டு. விளக்கு எரிவது, உலோக முனை வைத்தது எல்லாம் இருக்கிறது. முதல் நாள் தம்பரவுண்ட் வந்துவிடும், மனசு குளிரும். அதற்குப் பின்தான் சிக்கல். திசை மாற்ற வேண்டிய இடத்தில், உதாரணமாகத் தம்பரவுண்டிலிருந்து உடனே எதிர்த்திசைத் தம்பரவுண்டுக்குப் போகும்போது, இந்த எடை நிற்க மறுக்கும். சிறு கைகளுக்கு விரல் மூட்டு வலியும் வரும். பஸ்ட் போன்ற பல சுற்று வித்தைகளை மட்டுமே விரும்புகிறவர்களுக்கு இது சரி. மற்றவர்கள் 17 முதல் 19 கிராமுக்குள் வாங்குவதே நல்லது. வந்ததும் அடிக்கோல் சோதனை செய்யுங்கள். பளபளப்பான பெயின்ட் பூசியவற்றைத் தவிர்த்துவிடலாம்.

பெயின்டைச் சொல்வதற்குக் காரணம் நம் வெயில். பிப்ரவரியில் போர்ட் லூயிஸில் விரல் வியர்த்து, பளபளப்பான உடல் ஒரு நேரம் வழுக்கும், ஒரு நேரம் ஒட்டும். பேனா பெருவிரலில் பாதியில் நின்றுபோகும். ஜூலையில் கியூர்பிப்பில் அதே கை காய்ந்திருக்கும், அதே பேனா நழுவும். நடுப்பகுதியை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மங்கலாக்கினால் இரண்டு பருவத்துக்கும் பொதுவாக அமையும். ரப்பர் முனைகளை வாரம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவுங்கள். முகப்பவுடர் தடவாதீர்கள், வியர்வையோடு சேர்ந்து களியாகிவிடும்.

ஜப்பானில் இந்தப் பொழுதுபோக்குக்கு ரோனின் மவாஷி என்றும் ஒரு பெயர் உண்டு. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தவறி, அடுத்த வருஷம் எழுதக் காத்திருக்கும் மாணவர்களை அங்கே ரோனின் என்பார்கள். நம் எச்.எஸ்.சி. பிள்ளைகள் தேர்வு மண்டபத்துக்கு பிக்கையே கொண்டுபோகட்டும். இரட்டை மூடியில் எழுத முடியாது, ஓடு பதித்த தரையில் விழுந்தால் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்கும். வீட்டிலும் காலடியில் ஒரு பாய் விரித்துப் பழகுங்கள். முதலில் விரிசல் விடுவது மூடியின் வாய்ப்பக்கம்தான். ஸ்கெட்ச் பேனா வாங்கும்போதே மாற்று மூடிக்காக அதே வகையில் இன்னும் இரண்டு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.