பீகார் ஏழையா, சத்தீஸ்கர் ஏழையா? அளக்குற முறைய மாத்துனா பதிலும் மாறுது

2011-12 கணக்குல டெண்டுல்கர் கமிட்டி போட்ட வறுமைக் கோட்ட வச்சு பாத்தா சத்தீஸ்கர்தான் மாநிலங்கள்லயே ஏழை, 39.9 சதவீதம், பீகார் 33.7தான். அதுவே நிதி ஆயோக்கோட பல்பரிமாண வறுமைக் குறியீட்டுல, எம்பிஐன்னு சொல்றாங்களே அதுல, 2015-16 டேட்டாவுக்கு பீகார் 51.9னு மொத இடம், சத்தீஸ்கர் 29.9. நடுவுல நாலு வருஷம் ஓடியிருக்கு, வாஸ்தவம், ஆனா நாலு வருஷத்துல ரெண்டு மாநிலம் இப்படி தலைகீழா ஆயிடாது. ரெண்டு முறையும் அளக்குற சமாச்சாரமே வேற.

வறுமைக் கோடுங்கறது செலவுக் கணக்கு. சர்வே ஆளு வீட்டுக்கு வந்து அரிசிக்கு எவ்ளோ, எண்ணெய்க்கு எவ்ளோன்னு கேட்டு தலைக்கு மாசம் இவ்ளோன்னு போடுவாரு, அது கோட்டுக்கு கீழ இருந்தா ஏழை. இதுல எனக்கு பிடிச்சது, ஊருக்கு ஊர் விலைவாசி வேறங்கறத கணக்குல எடுத்துக்கறாங்க. 2011-12ல தமிழ்நாட்டு கிராமத்துக்கு கோடு 880 ரூபா, ஒடிசா கிராமத்துக்கு 695, கேரளா கிராமத்துக்கு 1018 (கேரளால டவுனுக்கு 987தான், கிராமத்த விட கம்மி!).

பிரச்சனை எங்கன்னா, கேக்குற விதத்துல. போன 30 நாள்ல முட்டை எவ்ளோ வாங்குனீங்கன்னு கேட்டா பாதி மறந்துரும், போன 7 நாள்னா ஞாபகம் இருக்கும், செலவு கூட வரும், ஏழைங்க எண்ணிக்கை தானா குறையும், யாரு வாழ்க்கையும் ஒரு துளி மாறாமலே. 1999-2000ல ரெண்டு கேள்வியையும் ஒரே ஃபார்ம்ல பக்கத்து பக்கத்துல வச்சு கேட்டாங்க, ஒண்ணு பதில் இன்னொண்ணுல ஒட்டிக்கிச்சு, பழைய வருஷத்தோட ஒப்பிட முடியுமா முடியாதான்னு வருஷக்கணக்கா சண்டை. 2011-12 ஒரே வருஷத்துக்கே நாடு முழுக்க ஏழைங்க டெண்டுல்கர் முறையில 21.9 சதவீதம், அதுக்கப்புறம் வந்த ரங்கராஜன் கமிட்டி முறையில 29.5, கோடும் வேற ஞாபகக் காலமும் வேற.

அப்புறம் இலவசம். ஃப்ரீ ரேஷன் அரிசிக்கு கையில இருந்து காசு போகல, அப்ப அது செலவா இல்லையா? 2022-23 செலவு சர்வேல அரிசி, லேப்டாப், சைக்கிள், ஸ்கூல் யூனிஃபார்ம்னு இலவசத்துக்கும் ஒரு விலை போட்டு தனியா ஒரு கணக்கு குடுத்தாங்க. தமிழ்நாடு மாதிரி மாநிலத்த மத்ததோட ஒப்பிடணும்னா அந்த ரெண்டாவது கணக்கத்தான் எடுக்கணும்னு நான் சொல்வேன்.

எம்பிஐ செலவப் பத்தி கேக்கவே கேக்காது. 12 விஷயம்: சத்துணவு, படிப்பு, கக்கூஸ், சமையல் கேஸ், பேங்க் அக்கவுண்ட் இப்படி. சத்துணவுக்கு ஆறுல ஒரு பங்கு வெயிட், வீட்டு வசதி ஏழும் ஒவ்வொண்ணும் 21ல ஒரு பங்கு, இல்லாததோட வெயிட் மொத்தம் மூணுல ஒரு பங்கு தொட்டா ஏழை. இப்ப திருப்பூர்ல லைன் வீட்ல இருக்கற ஒரு பனியன் கம்பெனி தொழிலாளி குடும்பத்த எடுத்துக்கோங்க. கரண்ட் இருக்கு, கேஸ் இருக்கு, பைக்கும் போனும் இருக்கு, அக்கவுண்ட் இருக்கு, கக்கூஸ் மட்டும் நாலு வீட்டுக்கு பொது. மார்க் 21ல 1, ஏழை கிடையாது. ரெண்டு மாசம் ஆர்டர் இல்லாம வேலை போச்சுன்னாலும் அதே 21ல 1தான். அக்கவுண்ட்ல பேலன்ஸ் எவ்ளோன்னு அது கேக்காது. ஆனா ஒரு மாவட்டத்துல கேஸ் இல்லையா, பள்ளிக்கூடம் இல்லையான்னு தெரிஞ்சு பணம் ஒதுக்கணும்னா இதுதான் உதவும், அதுக்கு அந்த மொத்த சதவீதத்த விட்டுட்டு 12 விஷயத்தையும் தனித்தனியா பாக்கணும். பேப்பர்காரங்க அந்த ஒத்த நம்பரத்தான் தலைப்புல போடுவாங்க.

மாவட்ட அளவுல செலவு வறுமையே வேணும்னா? 2022-23 சர்வேல நாடு முழுக்க 2.6 லட்சம் வீடுதான், ஒரு மாவட்டத்துக்கு முன்னூத்தி சொச்சம், அத வச்சு சதவீதம் சொன்னா பிழை ரெண்டு பக்கமும் எகிறும். அதுக்குத்தான் சிறு பகுதி மதிப்பீடு: சர்வேலயும் சென்சஸ்லயும் பொதுவா இருக்கற கேள்விங்கள (கூரை என்ன, படிப்பு என்ன, டிவி இருக்கா) வச்சு ஒரு மாடல் கட்டி, சென்சஸ்ல இருக்கற ஒவ்வொரு வீட்டுக்கும் செலவு எவ்ளோ இருக்கும்னு கணிப்பாங்க. முறை அருமை, என்னோட ஓட்டு இதுக்குத்தான், ஆனா நம்ம கையில இருக்கறது 2011 சென்சஸ். அடுத்தது 2027ல. பதினஞ்சு வருஷ பழைய கூரைய வச்சு இன்னைக்கு செலவ கணிக்கறதுல என்ன இருக்கு, சொல்லுங்க.

சாட்டிலைட் படம் வச்சு கணிக்கறதும் இருக்கு, 2016ல நைஜீரியா, உகாண்டான்னு அஞ்சு ஆப்பிரிக்க நாட்டுக்கு பண்ணிக் காட்டுனாங்க. ராத்திரி வெளிச்சத்த மட்டும் நம்புனா ஏழைக்கும் பரம ஏழைக்கும் வித்தியாசம் தெரியாது, ரெண்டு ஊரும் இருட்டுதான், அதனால பகல் படத்துல ரோடு, கூரையெல்லாம் சேத்து பாத்தாங்க. சர்வேயே நடக்காத நாட்டுக்கு சரி. இங்க அத வச்சு எந்த ஒன்றியத்துக்கு எவ்ளோ பணம்னு முடிவு பண்ணா, தெருவிளக்கு நெறைய போட்ட ஊருக்கு ஃபண்ட் கட் ஆகும்.