நேரியல் இயற்கணிதமா, பன்மாறி நுண்கணிதமா: எதை முதலில் எடுப்பது?

ஒரு மாறியில் வகையிடலும் தொகையிடலும் முடிந்ததும் பல்கலைக்கழகத்தில் அடுத்து வரும் கேள்வி இது. நேரியல் இயற்கணிதம் வெக்டர்களையும் அணிகளையும் (எண்களை நிரை நிரலாக அடுக்கிய அட்டவணைகள்) பற்றியது; பன்மாறி நுண்கணிதம் பல மாறிகள் உள்ள சார்புகளை வகையிடுவதும் தொகையிடுவதும். பல இடங்களில் இந்த இரண்டு பாடங்களையும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் எடுக்கலாம். தேர்ச்சி பெற எந்த வரிசையும் போதும். ஆனால் புரிந்து படிக்க வேண்டும் என்றால் என் ஓட்டு நேரியல் இயற்கணிதத்துக்கே.

நுண்கணிதம் முதலில் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அது பழகிய பாதை. மற்ற மாறிகளை மாறிலியாக வைத்துக்கொண்டால் பகுதி வகையிடல் ஏற்கெனவே தெரிந்த வேலைதான். அதே செமஸ்டரில் மின்காந்தவியல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இதைத்தான் எடுக்க வேண்டும். இதில் வரும் டைவர்ஜன்ஸும் (ஒரு புலம் விரியும் அளவு) கர்லும் (அது சுழலும் அளவு) தெரியாமல், மின்காந்தவியலின் அடிப்படையான மேக்ஸ்வெல் சமன்பாடுகளை வாசிக்கக்கூட முடியாது.

சிக்கல் பாடத்தின் நடுப்பகுதியில் வருகிறது. பெருமம், சிறுமம் கண்டுபிடிக்க ஒரு விதி கொடுப்பார்கள்: இரண்டு இரண்டாம் வகைக்கெழுக்களைப் பெருக்கு, கலப்பு வகைக்கெழுவின் வர்க்கத்தைக் கழி, விடை குறையாக வந்தால் அது சேணப்புள்ளி, அதாவது பெருமமும் இல்லாத சிறுமமும் இல்லாத புள்ளி. ஏன் இப்படிக் கழிக்க வேண்டும்? அணி தெரியாதவருக்கு இது மனப்பாடம்தான்.

ஒரு சார்பை எடுத்துப் பார்ப்போம்: எக்ஸ் வர்க்கம் + 4 எக்ஸ் ஒய் + ஒய் வர்க்கம். எக்ஸ் அச்சில் நடந்தால் ஆதிப்புள்ளியிலிருந்து மேலே ஏறுகிறது. ஒய் அச்சிலும் அப்படியே. சிறுமம் என்றுதான் தோன்றும். விதிப்படி போட்டால் 2 × 2 − 4 × 4 = −12, அதாவது சேணப்புள்ளி. எங்கே இறங்குகிறது? இரண்டாம் வகைக்கெழுக்களை முதல் நிரையில் 2, 4, இரண்டாம் நிரையில் 4, 2 என்று ஹெஸ்ஸியன் அணியாக எழுதி ஐகன் மதிப்புகளை (அணி திசை திருப்பாமல் நீட்டும் கோடுகளில் எத்தனை மடங்கு நீட்டுகிறது என்ற எண்கள்) கண்டால் 6, −2 கிடைக்கும். ஒய்யும் எக்ஸும் சமமாக இருக்கும் கோட்டில் சார்பு மேலே போகிறது, ஒன்று மற்றதன் எதிர்க்குறியாக இருக்கும் கோட்டில் கீழே போகிறது. அந்த −12 என்பது அணிக்கோவை, அதாவது 6-ஐயும் −2-ஐயும் பெருக்கி வருவது. பெருக்கல் குறையானால் ஒரு மதிப்பு மிகை, மற்றது குறை. ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம். விதி முழுக்க இவ்வளவுதான். இதைப் பார்த்தவர் அந்த விதியை மறக்க மாட்டார். மூன்று மாறிகள் வந்தாலும் தடுமாற மாட்டார்.

துருவ ஆயங்களில் தொகையிடும்போது ஆரத்தால் பெருக்கச் சொல்வதும் இதே கதை. ஆய மாற்றத்தின் பகுதி வகைக்கெழுக்களை அடுக்கிய ஜேகோபியன் அணியின் அணிக்கோவை அது. சின்னப் பரப்பு எத்தனை மடங்கு விரிகிறது என்று சொல்கிறது.

நேரியல் இயற்கணிதத்தை முதலில் எடுப்பதற்கும் ஒரு விலை உண்டு. சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்க்கும் வரை சுகமாகப் போகும். அப்புறம் வெக்டர் வெளி, உள்வெளி, பரிமாணம் என்று வந்து, கணக்கு போடுவது நின்று நிறுவுவது தொடங்கும். நிறுவல் எழுதிப் பழகாதவர்கள் இங்கேதான் மிரள்கிறார்கள். ஆனால் இந்தப் பாடத்துக்குப் பன்மாறி நுண்கணிதம் பெரும்பாலும் தேவையே இல்லை. எதிர்ப்பக்கம் அப்படிச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில இடங்களில் இந்தப் பெயரில் நடப்பது வெறும் நிரை சுருக்கும் கணக்குதான். நேரியல் உருமாற்றமும் ஐகன் மதிப்பும் இல்லாத பாடத்தை முதலில் எடுத்துப் பெரிய பயன் கிடையாது. பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும்.

இரண்டையும் ஒரே செமஸ்டரில் எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனால் ஆசிரியர்கள் தனித்தனி வேகத்தில் போவார்கள். அங்கே ஜேகோபியன் வரும் வாரத்தில் இங்கே இன்னும் அணிப் பெருக்கலே நடந்துகொண்டிருக்கும். இரண்டையும் பின்னி ஓராண்டுப் பாடமாக நடத்தும் துறை கிடைத்தால் அது வேறு. சுமை அதிகம்தான், இருந்தாலும் மற்ற எல்லா வழிகளையும் விட அதுவே மேல்.

வேறு வழியில்லாமல் நுண்கணிதம் முதலில் வந்துவிட்டால், அதற்கு முந்தைய விடுமுறையில் மூன்றை மட்டும் படித்து வைத்துக்கொள்ளுங்கள்: அணி ஓர் உருமாற்றமாக எப்படி வேலை செய்கிறது, அணிக்கோவைக்கும் பரப்புக்கும் என்ன தொடர்பு, 2 × 2 சமச்சீர் அணியின் ஐகன் மதிப்புகளைக் கண்டுபிடிப்பது எப்படி.