விளம்பரத்தில் மூன்று வளையம், பெட்டியில் ஒன்று: பொம்மைக் கார் வாங்குவோர் கவனத்திற்கு

ஏழு வயது மகளின் பிறந்தநாளுக்காகக் கடந்த மாதம் 1,899 ரூபாய் கொடுத்து ஒரு ரேஸ் கார் செட் வாங்கினேன். குழந்தைகள் சேனலில் அதன் விளம்பரம் வரும்போதெல்லாம் சாப்பாட்டுத் தட்டோடு டி.வி. முன்னால் போய் நின்றுகொள்வாள். விளம்பரத்தில் தீப்பொறி பறக்க மூன்று வளையங்களைத் தலைகீழாகச் சுற்றும் அந்தக் காருக்கு, பெட்டியைப் பிரித்தபோது ஒரே ஒரு வளையம்தான் இருந்தது. அதிலும் பாதி நேரம் உச்சிக்குப் போய்ப் பொத்தென்று விழுந்தது. பேட்டரியும் இல்லை.

பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க முடியாது என்றார் கடைக்காரர். நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிலோ, "விளம்பரத்திலேயே போட்டிருக்கிறோமே மேடம்" என்றார்கள்.

உண்மைதானா என்று விளம்பரத்தைக் கைபேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மற்ற வளையங்கள் தனியாக விற்கப்படும் என்ற வரி, குரல் முழுக்கத் தமிழில் முழங்கிக்கொண்டிருக்க, அடியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இரண்டு விநாடிகூட நிற்காமல் மறைகிறது. கேமராவைத் தரையோடு தரையாக வைத்திருப்பதால் உள்ளங்கையளவுக் கார் லாரியைப் போலத் தெரிகிறது; அந்த உறுமலும் பின்னால் சேர்த்த ஒலிதான், எங்கள் கார் கீச்சென்றுதான் ஓடுகிறது. எல்லாவற்றையும்விட, மூன்று வளையங்களையும் கார் ஒரே ஓட்டத்தில் தாண்டுவதாக ஒரு காட்சிகூடக் கிடையாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். காரை ஓட்டும் நால்வரும் பையன்கள். ஒரு சிறுமி ஓரமாக நின்று கைதட்டுகிறாள். "அம்மா, இது பசங்க விளையாடுறதா?" என்று மகள் முன்பு கேட்டது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

முடிவில் "இன்னைக்கே அப்பாகிட்ட கேளு!" என்கிறது குரல். பெற்றோரை வாங்க வைக்கும்படி குழந்தைகளை நேரடியாகத் தூண்டக்கூடாது என்றும், அந்தப் பொடி எழுத்து வரி போன்ற பொறுப்புத்துறப்பு வாசகம் விளம்பரம் பேசும் அதே மொழியில் இருக்க வேண்டும் என்றும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள் சொல்கின்றன. பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை என்னவோ இருக்கிறது; ஆனால் 2021 முதல் கட்டாயமான அந்த முத்திரை பொம்மையின் பாதுகாப்புக்குத்தானே தவிர, விளம்பரம் சொன்னதற்கு அல்ல.

பில், பெட்டியின் பக்கவாட்டுப் படம், விளம்பரப் பதிவு ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். இதே செட்டை வாங்க நினைப்பவர்கள், பெட்டியைப் பிரிக்கும் முன் அதில் அச்சிட்டிருக்கும் உதிரிபாகப் பட்டியலில் வளையங்களை எண்ணிப் பாருங்கள்.