ரஷ்யாவில் சமையல் வேலை என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

கொட்டாஞ்சேனையில் ஒரு ஏஜென்சி. தங்கச்சியின் கணவருக்கு ரஷ்ய இராணுவ முகாமில் சமையல் வேலை, மாதம் 2000 டொலர், ஒரு வருடத்தில் குடியுரிமை என்று சொல்லி 6 லட்சம் வாங்கினார்கள். சுவரில் அனுமதிப்பத்திரம் சட்டம் போட்டுத் தொங்குகிறது. ஆனால் போட்டது சுற்றுலா விசா. ஒப்பந்தம் முழுக்க ரஷ்ய மொழியில். மொஸ்கோவில் படித்த டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். "சமையல் என்று எங்கேயும் இல்லை. இது படையில் சேருகிற ஒப்பந்தம்" என்றார்.

காசைத் திருப்பிக் கேட்டால், "அண்ணே, இது வாக்னர் மாதிரிக் கூலிப்படை இல்லை, அரசாங்க இராணுவம், எல்லாம் சட்டப்படி" என்கிறார் ஏஜெண்ட். அரசாங்க இராணுவம் என்பதில் பொய் இல்லை. ஆபத்தே அதுதான். ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977 மேலதிக நெறிமுறைப்படி, போரிடும் நாட்டின் படையில் முறையாகச் சேர்ந்தவர் கூலிப்படை ஆள் இல்லை. ஒப்பமிட்டால் அவர் ரஷ்யச் சிப்பாய். பிடிக்கவில்லை என்று கிளம்பினால் படையை விட்டு ஓடிய குற்றம். ஒரு வருடத்தில் முடிந்துவிடும் என்ற கதையும் சும்மா: புட்டினின் 2022 செப்டம்பர் ஆணைக்குப் பிறகு, காலம் முடிந்தாலும் ஒப்பந்தம் தானாக நீள்கிறது.

2025 தொடக்கத்தில் வெளிநாட்டமைச்சர் விஜித ஹேரத் பாராளுமன்றத்தில் சொன்ன கணக்கில் ரஷ்யப் படையில் சேர்ந்த இலங்கையர் 554 பேர், இறந்தவர்கள் 59 பேர்.

கொழும்புக்கு இந்த வியாபாரம் பழையது. ஒல்லாந்தக் கம்பனி சம்பளத்துக்கு வைத்திருந்த சுவிஸ் டி மியூரன் படையை, அதன் சொந்தக்காரப் பிரபு 1795இல் ஐரோப்பாவில் இருந்தபடியே ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தார். கோட்டை அடுத்த பெப்ரவரியில் விழுந்தது. பேரம் பேசியவர் அவர். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்புவோடு மோதப் போனது சிப்பாய்கள். பொலன்னறுவையில் விஜயபாகு மன்னனிடம் சம்பளத்துக்கு இருந்த வேளைக்காரப் படையாவது சோழரோடு சண்டைக்குப் போகமாட்டோம் என்று கலகம் செய்து பார்த்தது. கொடூரமாக அடக்கினார்கள், அது வேறு. இன்றைக்கு உக்ரேன் பதுங்குகுழியில் நிற்கிற நம் பையனுக்கு அதற்கும் வழியில்லை.

சரி, செய்ய வேண்டியது: காசு கட்ட முன்னர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்ற இலக்கத்தில் அழையுங்கள். ஏஜென்சிக்கு அனுமதி உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த நாட்டில் அந்த வேலைக்கு அனுமதி எடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். எங்கள் விஷயத்தில் எடுக்கவே இல்லை.

பொலிஸில் முறைப்பாடு இருப்பதால் பெயர் போடவில்லை. பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது, காசு வரவில்லை. கொட்டாஞ்சேனையில் இதே வேலைக்குக் காசு கட்டியவர்கள் இன்பொக்ஸுக்கு வாருங்கள், சேர்ந்து போய் வாக்குமூலம் கொடுக்கலாம்.