எம்.சி.ஆர். செருப்பு: அட்டைப்பெட்டியை நம்பாதீர்கள், அமுக்கிப் பாருங்கள்

மருந்துக்கடையிலும் ஆன்லைனிலும் ‘டயபெட்டிக் செருப்பு’ என்ற பெயரில் என்னென்னவோ விற்கிறார்கள். பெட்டியில் எம்.சி.ஆர். என்று அச்சடித்துவிட்டால் போதும், விலை ஏறிவிடும். எம்.சி.ஆர். என்றால் மைக்ரோ செல்லுலார் ரப்பர். உள்ளே நுண்ணிய காற்றறைகள் நிறைந்திருக்கும். வாசலில் கிடக்கும் ஹவாய் செருப்பும் அதே இனம்தான் என்பதை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். இரண்டுக்கும் வித்தியாசம் மென்மையில். சர்க்கரை நோயாளியின் காலுக்கு வேண்டிய உள்தகடு, அதாவது பாதம் படும் அடுக்கு, ரப்பரின் கெட்டித்தன்மையை அளக்கும் ஷோர் ஏ அளவுகோலில் 15-ஐ ஒட்டி இருக்கவேண்டும். ஹவாய் ரப்பர் அதைவிட நன்றாகவே கெட்டி. ஆகவே ‘ஒரிஜினல் எம்.சி.ஆர். சார்’ என்ற உத்தரவாதத்துக்குத் தனியாக எந்த மதிப்பும் இல்லை.

சரியான எம்.சி.ஆர். செருப்பு கொடுத்த காசுக்கு மேலேயே வேலை செய்யும். ஆனால் ஒரே ஒரு ஜோடி வாங்கி, வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தால் அது பாதிக் கிணறு தாண்டின கதைதான்.

இந்த ரப்பரின் கதை நம் வேலூரோடு ஒட்டியது. 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களையும் பாதங்களையும் நோய் நேரடியாகத் தின்பதில்லை, வலி தெரியாததால் அவர்களே திரும்பத் திரும்ப அடிபட்டுக்கொள்கிறார்கள் என்று காட்டினார். புண் வராமல் தடுக்க மென்மையான உள்தகடும் கெட்டியான அடித்தகடும் வைத்த செருப்பு அந்தப் புரிதலிலிருந்து வந்தது. சர்க்கரை நோயில் நரம்பு கெட்ட காலுக்கும் இதே கணக்குதான். உணர்ச்சி உள்ள கால், ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் தானாகவே நடையை மாற்றிக்கொள்ளும். மரத்துப்போன கால் மாற்றிக்கொள்ளாது. முன்பாதத்தில் ஒரே எலும்பின் கீழ் ஆயிரக்கணக்கான அடிகள் விழும். தோல் தடித்து ஆணி மாதிரி ஆகும், அந்தத் தடிப்புக்குக் கீழே சதை நசுங்கும், ஒருநாள் தடிப்பு பிளந்து புண்ணாகத் திறக்கும். மேலே காய்ப்பு மட்டும் தெரியும்போதே உள்ளே வேலை பாதி நடந்து முடிந்திருக்கும்.

செருப்பு இதைத் தடுக்கிறதா என்று சென்னையிலேயே பார்த்திருக்கிறார்கள். 2004-இல் வெளியான ஆய்வு அது. முன்பே புண் வந்து ஆறிய 241 நீரிழிவு நோயாளிகளை 9 மாதம் தொடர்ந்து கவனித்ததில், எம்.சி.ஆர்., பாலியூரித்தேன் நுரை, பாதத்துக்கு வார்த்தெடுத்த உள்தகடு ஆகியவற்றில் ஏதாவதொன்று கொண்ட செருப்பு அணிந்தவர்களில் 4 சதவீதத்தினருக்குத்தான் புதுப்புண் வந்தது. கெட்டியான தோல் அட்டை உள்தகடு வைத்த சொந்தச் செருப்பில் நடந்தவர்களில் அது 33 சதவீதம். மேல்நாட்டில் நடந்த எல்லா ஆய்வுகளும் இவ்வளவு தெளிவாகப் பேசவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2002-இல் அமெரிக்காவில் 400 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், சிகிச்சைக் காலணிக்கும் வழக்கமான காலணிக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அங்கே ஒப்பிட்டது ஓரளவு நல்ல ஷூவோடு. இங்கே ஒப்பீடு கெட்டித் தகட்டோடு. நம் ஊரில் ரப்பர் செருப்பிலும் வெறுங்காலிலும் நடப்பவர்களுக்குச் சென்னைக் கணக்குதான் நெருக்கம்.

எல்லாச் சர்க்கரை நோயாளிக்கும் இது வேண்டுமா? வேண்டாம். காலில் உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் சரியாக இருந்தால், அளவாகப் பொருந்தும் சாதாரண நல்ல செருப்பே போதும். டாக்டரிடம் 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையால் (10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை) பாதத்தைத் தொட்டுச் சோதிப்பது முறையான வழி. வீட்டில் ஒரு முன்னோட்டம் பார்க்கலாம். நோயாளியைக் கண் மூடச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு விநாடி லேசாகத் தொடுங்கள். அழுத்தாதீர்கள், தட்டாதீர்கள், ஒரு விரலுக்கு ஒரு முறைதான். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் காலின் பாதுகாப்பு உணர்ச்சி போய்விட்டது என்று கொண்டு டாக்டரைப் பாருங்கள். உணர்ச்சி போனவருக்கு இந்தச் செருப்பு கட்டாயம்.

இனி கடைக்குள். சாயங்காலம் போங்கள். பகலெல்லாம் நின்று கால் வீங்கியிருக்கும் நேரத்து அளவுதான் அளவு. போகும் முன் வீட்டில் ஒரு வெள்ளைத்தாளில் நிற்கவைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதத்தையும் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைச் செருப்புக்குள் வைத்துப் பார்த்தால், எந்தப் பக்கமும் விளிம்பைத் தாண்டக்கூடாது. முன்னால் 1 முதல் 2 செ.மீ. இடம் மிஞ்சவேண்டும். ‘போட்டுப் பாருங்க, வசதியா இருக்கா?’ என்று நோயாளியைக் கேட்டு முடிவெடுப்பது இந்த விஷயத்தில் வேலைக்கு ஆகாது. மரத்த காலுக்கு இறுக்கமான செருப்புதான் ‘கால்ல கச்சிதமா நிக்குது’ என்று தோன்றும். சரியான அளவு தொளதொள என்றிருக்கும். தாள் சொல்வதைக் கேளுங்கள்.

அடுத்து உள்தகடு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். ஏறக்குறைய பாதிக் கனத்துக்கு அமுங்கி, விட்டதும் உடனே பழைய நிலைக்கு வரவேண்டும். அமுங்காவிட்டால் அது ஹவாய் ரகம். அமுங்கி அப்படியே பள்ளமாக நின்றால் மலிவான நுரை, சீக்கிரமே தட்டையாகிவிடும். ‘சூப்பர் சாஃப்ட்’ என்று விற்பதில் பல இந்த இரண்டாவது வகை. கடையில் காலை வைத்ததும் சொர்க்கமாக இருப்பதால் மக்கள் ஏமாறுகிறார்கள். கனம் 10 மி.மீ. இருப்பது நல்லது. உடல் எடை அதிகமானவர்கள் இன்னும் சற்றுக் கனமாகக் கேளுங்கள், இல்லையென்றால் நடக்கும்போது ரப்பர் முழுதும் நசுங்கி, அடித்தகட்டின் மேலேயே கால் நிற்கும்.

அடித்தகடு இதற்கு நேர்மாறு, கெட்டியாக இருக்கவேண்டும். முன்பாதத்தில் செருப்பு தாராளமாக வளைந்தால் அழுத்தமும் அங்கேயே குவியும். கிராமத்தில் நடப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: சீமைக்கருவேல முள் வெறும் மென்ரப்பரை வெண்ணெய் மாதிரி துளைத்துக்கொண்டு வரும். முள் காலில் ஏறி, செருப்போடு சேர்த்து நடந்து, ராத்திரி சாக்கடை நாற்றம் வந்த பிறகு கண்டுபிடிக்கிற கதைகள் கால் சிகிச்சைப் பிரிவுகளில் சகஜம். இரண்டு தகடும் பசையாலும் தையலாலும் சேர்ந்திருக்கவேண்டும், ஆணி ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஒரு சின்னக் காந்தத்தை உள்தகட்டின் மேல் ஓட்டினால் மறைந்திருக்கும் ஆணி தெரிந்துவிடும். பழைய செருப்பைத் தெருவோரத்தில் தைக்கக் கொடுத்து வாங்கும்போதும் இதைச் செய்யுங்கள். ஆணி அடித்துத் தருவதுதான் அங்கே வழக்கம்.

பட்டைகளில் மூன்று விஷயம். பெருவிரல் வளையமோ விரலிடுக்கில் புகும் வாரோ உள்ள எதையும் வாங்காதீர்கள். இடுக்கில் உராய்ந்து புண்ணாகும், செருப்பைப் பிடித்துக்கொள்ள விரல்கள் மடங்கி முன்பாத அழுத்தம் ஏறும். பின்பட்டை கட்டாயம் வேண்டும், ஏனென்றால் மரத்த காலிலிருந்து செருப்பு கழன்றாலும் தெரியாது. மேல்பட்டை வெல்க்ரோவாக இருந்தால் வீக்கத்துக்குத் தக்கபடி தளர்த்தலாம். பட்டையின் உள்பக்கத்தை விரலால் தடவி, தையல் முடிச்சோ ரெக்சின் விளிம்போ உறுத்துகிறதா என்று பாருங்கள். பெண்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: கால் வீங்கும்போது மெட்டி விரலை இறுக்கிவிடும். செருப்பு சரியாக இருந்தும் மெட்டிக்குக் கீழே புண் வரலாம்.

ஆன்லைனில் வாங்குவதைப் பற்றிக் கேட்டால், முதல் ஜோடிக்கு வேண்டாம் என்பதே பதில். அமுக்கிப் பார்க்க முடியாது, அகலம் தெரியாது. அளவும் பொருளும் பழகிவிட்ட பிறகு அதே மாடலை மறுபடி வாங்க ஆன்லைன் சரி.

புதுச்செருப்பை முதல்நாளே போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகக்கூடாது. முதல் நாள் அரைமணி, அதிகம் போனால் ஒரு மணி நேரம். கழற்றியதும் பாதத்தின் மேல், கீழ், பக்கம், விரலிடுக்கு எல்லாம் பாருங்கள், குனிய முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். சிவப்பு இருபது நிமிடத்துக்குப் பிறகும் மறையாவிட்டால் அந்தச் செருப்பு அந்த இடத்தில் கடிக்கிறது, மாற்றியாகவேண்டும். மாற்றித் தருவார்களா என்று காசு கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இனி வீட்டு விஷயம். நெதர்லாந்தில், புண் வரும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குப் பிரத்யேகமாகச் செய்து கொடுத்த காலணிக்குள் கருவி வைத்து அளந்தார்கள். வெளியே நடந்த அடிகளில் 87 சதவீதம் அந்தக் காலணியில், வீட்டுக்குள் நடந்ததில் 61 சதவீதம் மட்டுமே. இத்தனைக்கும் அவர்கள் வீட்டுக்குள்தான் அதிகம் நடக்கிறார்கள். ஷூவோடு வீட்டுக்குள் நடப்பதைத் தப்பாக நினைக்காத ஊரிலேயே இப்படி. செருப்பை வாசலில் விடுகிற நம் வீடுகளில் என்ன நிலை என்று சொல்லவேண்டியதில்லை. ஆகவே இரண்டு ஜோடி வாங்குங்கள். ஒன்று வாசலைத் தாண்டாமல் உள்ளேயே இருக்கட்டும். பூஜையறை, சமையலறை என்று மாமியார் முகம் சுளித்தால், அது தெருவில் படாத செருப்பு என்று விளக்கிச் சொல்லுங்கள். குளியலறைக்கு வேறு வேண்டும், எம்.சி.ஆர். ஈரத்தில் வழுக்கும், மேலுறைக்குள் தண்ணீர் தங்கினால் பூஞ்சையும் வரும்.

கோயில்தான் சிக்கலான இடம். சித்திரை வெயிலில் பிராகாரத்துக் கல்லில் வெந்த பாதங்கள் வருடம்தோறும் வருகின்றன, வலி தெரியாததால் கொப்புளம் உடைந்த பிறகே தெரியவரும். கிரிவலம் 14 கிலோமீட்டர், வெறுங்காலோடு போகவே கூடாது. கோயிலுக்கு விடியலிலோ இருட்டிய பிறகோ போங்கள், சாக்ஸ் அனுமதிக்கும் இடத்தில் தடித்த பருத்தி சாக்ஸ் போடுங்கள். இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. வெளியே வெயிலில் விட்ட கறுப்புச் செருப்பும் கொதிக்கும். திரும்பி வந்து போடுவதற்கு முன் கையால் தொட்டுப் பாருங்கள், உதறிப் பாருங்கள்.

செருப்போடு சேர்த்துச் சில கடைகளில் யூரியா களிம்பும் தலையில் கட்டுவார்கள். இது வீண்செலவு அல்ல. நரம்பு கெட்டால் பாதத்தில் வியர்வை வற்றும், தோல் வறண்டு குதிகால் பிளக்கும், பிளவு வழியே கிருமி நுழையும். 10 சதவீத யூரியா தினசரிக்கு, தடித்த குதிகாலுக்கு 25 சதவீதம். லாக்டிக் அமிலம் சேர்ந்ததும் கிடைக்கும். குளித்து ஈரத்தை ஒற்றியதும் தடவவும். விரலிடுக்கில் மட்டும் தடவாதீர்கள், அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். ரத்தம் தெரியும் பிளவுக்கும் களிம்பு வேண்டாம், டாக்டர் பார்க்கட்டும். காய்ப்பைப் பிளேடால் சீவுவதும், காய்ப்புக்கான அமில பிளாஸ்திரி ஒட்டுவதும் கூடவே கூடாது.

பராமரிப்பு சுலபம். மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் காயவைக்கவும், வெயில் பட்டால் ரப்பர் இறுகும். வெல்க்ரோவில் சிக்கும் நூலையும் மண்ணையும் பழைய பல்துலக்கியால் எடுத்துவிட்டால் பிடிப்பு திரும்பும். மாதம் ஒருமுறை முன்பாதம் படும் இடத்தையும் குதிகால் இடத்தையும் அமுக்கி, கால் படாத ஓரத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் விரலுக்குத் தெரிந்தால் உள்தகடு செத்துவிட்டது. தினமும் நடப்பவருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் இது நடக்கும். மேல்பட்டை புதுசு போலிருக்கிறதே என்று மூன்று வருடம் ஓட்டுபவர்கள், ஹவாய் போட்டவர்களைவிடப் பெரிதாகப் பாதுகாப்பில் இல்லை.

இந்தச் செருப்பால் ஆகாத இடங்களும் உண்டு. திறந்த புண் இருந்தால் இது போதாது. முழங்கால்வரை கட்டு போட்டோ கழற்ற முடியாத கருவி மாட்டியோ அழுத்தத்தை முழுதாக எடுக்கவேண்டும். அடிபடாமலே ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருந்தால் சார்கோ பாதமாக இருக்கலாம், அதாவது நரம்பு கெட்ட காலில் எலும்பும் மூட்டும் உள்ளே சிதையும் நிலை. நடப்பதை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும், செருப்புக் கடைக்கு அல்ல. விரல் எடுத்தவர்கள், விரல் வளைந்தவர்கள், பாதத்தின் நடு எலும்பு இறங்கியவர்கள் ரெடிமேடு செருப்பில் காசைப் போடவேண்டாம். பெரிய நீரிழிவு மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளின் செயற்கை அவயவப் பிரிவுகளிலும் பாத அச்சு எடுத்துச் செய்து தரும் வசதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். போகும்போது பழைய செருப்பையும் எடுத்துப் போங்கள். எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே, அச்சில் எங்கே குழி விடவேண்டும் என்று செய்பவருக்குப் பாதி புரிந்துவிடும்.