சாயத்தைக் கலப்பதா, சங்கிலியில் கோப்பதா?

அமிலத்தன்மைக்கு ஏற்ப ஒளிரும் பாலிமர் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒளிரும் சாயத்தைப் பாலிமர் கரைசலில் அப்படியே கலந்து படலமாக உலர்த்துவது ஒன்று. சாய மூலக்கூறில் ஓர் இரட்டைப் பிணைப்பைப் பொருத்தி, பாலிமர் சங்கிலியின் கண்ணிகளாகும் சிறு மூலக்கூறுகளான மற்ற மோனோமர்களோடு சேர்த்துச் சங்கிலியாகவே வளர்ப்பது இன்னொன்று.

கலப்பது சுலபம், ஒரே நாளில் படலம் தயார். ஃப்ளூரசீன் என்ற சாயத்தை எடுத்துக்கொள்வோம். காரத்தில் பளிச்சென்ற பச்சை, அமிலத்தில் மங்கல், பிஎச் (அமில-கார அளவு) 6.4-ஐ ஒட்டி இந்த மாற்றம் நடக்கிறது. சரி, அந்தப் படலத்தை நீரில் போட்டு நீல ஒளி அடித்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் படலத்தைச் சுற்றிப் பச்சைப் புகை போல ஒன்று பரவும். சாயம் கசிகிறது! ஒளி குறைந்தது அமிலத்தாலா, கசிவாலா? இனிப் பிரித்துச் சொல்வது கடினம். அளவிடும் கருவிக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை.

சங்கிலியில் கோத்த சாயம் இப்படி ஓடாது. கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம். அதை வேதிமுறையில் தொகுத்துச் செய்யும் வேலைதான் அதிகம். அப்புறம், பாலிமருக்குள் சாயத்தின் மாற்றப்புள்ளி நகர்ந்துவிடும், புதிதாக அளவுதிருத்தம் செய்ய வேண்டும். இரண்டு வழியிலுமே சாயம் மிகுந்தால் மூலக்கூறுகள் ஒன்றன் ஒளியை ஒன்று அணைத்துவிடும்.

நீரில் பிஎச் அளக்க நான் கோப்பதையே தேர்ந்தெடுப்பேன். ஆக்சிஜனை அளப்பதென்றால் கலப்பதே போதும்: அதற்கான சாயமான பிளாட்டினம் போர்ஃபிரின் நீரை வெறுக்கும், பாலிஸ்டைரீன் என்ற பாலிமரை விட்டு எளிதில் வெளியேறாது.