பால் வாங்கப் போன கதை: ஒரு நியூ ஜெர்சி சூப்பர் மார்க்கெட்டுக்குத் தங்கச்சிமடத்திலிருந்து விமர்சனம்

மகள் பிரசவத்துக்காக நவம்பரில் நியூ ஜெர்சி போனேன், ஐந்து மாதம் இருந்துவிட்டு ஏப்ரல் கடைசியில்தான் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற எங்கள் தங்கச்சிமடத்துக்குத் திரும்பினேன். பேத்தி நலம். அமெரிக்கா எப்படி இருந்தது டீச்சர் என்று எதிரே வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். குளிரில் நான் எங்கே போனேன், என்னத்தைப் பார்த்தேன்? நான் பார்த்த அமெரிக்கா முக்கால்வாசி ஒரே ஒரு கடைதான். மகள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருந்த சூப்பர் மார்க்கெட். பெயர் வேண்டாம். ஆனால் இங்கிருந்து பிள்ளைப்பேறு பார்க்கக் கிளம்புகிற அம்மாக்கள் இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். ஒன்று சுத்தத்துக்கு. இன்னொன்று எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன்.

மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் பால் தீர்ந்துவிட்டது. பால்தானே, நான் போய் வாங்கி வருகிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவளுக்கு ஒரு பால் வாங்கத் தெரியாதா? தெரியவில்லை. சுவர் நீளத்துக்குக் கண்ணாடிக் கதவு போட்ட பிரிட்ஜ், அதற்குள் முழுப் பால், 2 சதவீதம், 1 சதவீதம், கொழுப்பே இல்லாதது, லாக்டோஸ் எடுத்தது, ஆர்கானிக், அதிலும் இதே நாலு சதவீதங்கள், அப்புறம் பாதாம், ஓட்ஸ், சோயா, தேங்காய். இதெல்லாம் கேலன், அரை கேலன், கால் கேலன் என்று அளவு வேறு. ஒரு கேலன் என்றால் 3.785 லிட்டர், தூக்கினால் தோள் இறங்குகிறது. மூடிக்கு மூடி நிறம் வேறு, ஆனால் ஒரு கம்பெனியின் நீலம் இன்னொரு கம்பெனியில் வேறு பாலாக இருக்கிறது. இங்கேயும்தான் பாக்கெட் பாலில் நிறம் உண்டு, நிறத்தைச் சொன்னால் கடைக்காரர் எடுத்துத் தருவார், கதை முடிந்தது. அங்கே கேட்க ஆளே இல்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் குளிர் அடிக்கிறது, மூடிவிட்டுப் படித்தால் கண்ணாடியில் பனி படிந்து எழுத்து மறைகிறது. பின்னால் இரண்டு பேர் 'எக்ஸ்கியூஸ் மீ' சொல்லிவிட்டார்கள். கடைசியில் கைக்கு அடக்கமான சின்ன அட்டைப்பெட்டி ஒன்று, 'ஹாஃப் அண்ட் ஹாஃப்' என்று போட்டிருந்தது. பாதிக் கொழுப்புள்ள பால் போலிருக்கிறது, எல்லாருக்கும் நல்லதுதான் என்று இரண்டு பெட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதில் மூன்று நாள் டீ போட்டேன். மாப்பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு, "அத்தை, இந்த மாதிரி டீ இந்த ஊருக்கு வந்ததிலிருந்து குடிச்சதில்ல" என்றார். எனக்கும் பெருமைதான், கருப்பட்டி போட்ட கைராசி என்று நினைத்துக்கொண்டேன். நாலாம் நாள் மகள் குப்பையில் கிடந்த பெட்டியைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், தையல் போட்ட வயிறு, சிரிக்காதே என்று நான் அதட்ட வேண்டியதாயிற்று. அது பாதிக் கொழுப்பு இல்லையாம். பாதி பால், பாதி கிரீம். முழுப் பாலிலேயே கொழுப்பு 3.25 சதவீதம்தான், இதில் குறைந்தது 10.5. காப்பியில் ஒரு ஸ்பூன் விட்டுக்கொள்கிற சாமான், அதை நான் தம்ளர் தம்ளராகக் காய்ச்சி ஊற்றியிருக்கிறேன்.

முட்டைக்கும் இதே பாடுதான், அதைச் சுருக்கிவிடுகிறேன். கூண்டில் அடைக்காத கோழி, வெளியே திரிகிற கோழி, மேய்ச்சல் கோழி, சைவத் தீனி தின்ற கோழி என்று பெட்டிக்குப் பெட்டி ஒரு ஜாதகம். சைவத் தீனி என்பது பெருமையாம்! எங்கள் தெருக் கோழி நெத்திலி காயப்போட்ட பாயையே மேய்ந்துவிட்டு வரும், அதன் முட்டைக்கு அங்கே என்ன பெயர் வைப்பார்களோ.

மாத்திரை விஷயம் மட்டும் சிரிப்பில்லை, கவனமாகப் படியுங்கள். ஒருநாள் ராத்திரி எனக்குத் தலை விண்விண் என்று தெறித்தது. அதே கடையில் மருந்து வரிசையும் உண்டு, போய் பாராசிட்டமால் தேடினால் அப்படி ஒரு மாத்திரையே இல்லை. அந்த மருந்துக்கு அங்கே அசிட்டமினோஃபென் என்று பெயர், டைலனால் என்ற பிராண்ட் பெயரில்தான் எல்லாரும் சொல்கிறார்கள். பெயர் தெரிந்த பிறகாவது சும்மா விட்டார்களா? 325, 500, 650 மில்லிகிராம், தூக்கத்துக்கும் சேர்த்துக் கொடுப்பது, எட்டு மணி நேரம் நிற்பது, வழவழப்பான உறை போட்டது, திரவம். சளிக்கு என்று தனியாக விற்கிற மருந்துகள் பலவற்றிலும் இதே சரக்கு கலந்திருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறி ஈரலுக்கு ஆபத்து. தலைவலியோடு பொடி எழுத்தைப் படிக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கடையின் ஏற்பாடு. போகிறவர்கள் அந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள்.

மாப்பிள்ளை ஒரு ஆராய்ச்சியைச் சொன்னார். ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்று இரண்டு பேர் கலிபோர்னியாவில் ஒரு கடையில் ஜாம் வைத்துப் பார்த்து 2000இல் வெளியிட்டது. 24 வகை வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம் பேர்தான் வாங்கினார்கள், 6 வகை வைத்தபோது 30 சதவீதம். பிற்பாடு வேறு பலர் செய்து பார்த்ததில் எல்லா இடத்திலும் அப்படி வரவில்லை என்றும் அவரே சொன்னார், நேர்மையான பிள்ளை. ஜாமுக்கு எப்படியோ, பற்பசைக்கு நான் சாட்சி. வெள்ளையாக்குவது, கூச்சத்துக்கு, ஈறுக்கு, கரி போட்டது என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்து, மீதியிருந்த ஊர் பேஸ்ட்டையே பிதுக்கிப் பிதுக்கி ஒப்பேற்றினேன்.

இவ்வளவு வகை வைத்திருக்கிற கடையில் மீன் எத்தனை வகை தெரியுமா? பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு செய்து போடலாம், காரல் சாறு வைக்கலாம் என்று பெரிய திட்டத்தோடு போனேன். கருவாட்டைப் பெட்டியில் வைக்க மகள் விடவில்லை, எல்லாம் இங்கே கிடைக்கும் என்றாள். போய்ப் பார்த்தால் சால்மன், திலாப்பியா, காட், இறால். வெட்டித் தோலுரித்து, தலை இல்லாமல், ஐஸ் மேல் படுக்க வைத்திருக்கிறார்கள். கண்ணும் இல்லை செவுளும் இல்லை, எதைப் பார்த்து வாங்குவது? தென்கடல் மீனா வடகடல் மீனா என்று கேட்டு வாங்குகிற தீவிலிருந்து போனவள் நான். நகரை, விளைமீன், சூடை, ஊழி, முரல், பாறை, திருக்கை, கணவாய் என்று இங்கே ஒரு காலையில் பார்க்கிறதில் கால்வாசிகூட அங்கே இல்லை. பேஸ்ட்டுக்கு ஒரு சுவர், கடலுக்கு ஒரு மூலை! தூரத்தில் ஆசியக் கடைகளில் முழு மீன் கிடைக்கும் என்றார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கூட்டிப்போனார், அங்கேயும் பால்சுறா இல்லை. பூண்டை உரித்து உரித்துக் குழம்பு வைத்தே சமாளித்தேன்.

சரி, அந்த இரண்டாவது நட்சத்திரம். விலைச் சீட்டின் ஓரத்தில் ஓர் அவுன்சுக்கு எவ்வளவு விலை என்று தனியாகப் போட்டிருக்கிறார்கள், அது நல்ல பழக்கம், பெரிய டப்பா எப்போதும் மலிவு இல்லை என்பது அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. உடைக்காத இன்னொரு பெட்டி ஹாஃப் அண்ட் ஹாஃபை ரசீதோடு கொண்டுபோனபோது முகம் சுளிக்காமல் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். பில் போடுகிற பெண் வேறு, "தேடினது எல்லாம் கிடைச்சுதா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். அம்மா, தேடாததும் சேர்த்துக் கிடைத்ததே. வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை: நியூ ஜெர்சியில் விற்பனை வரி 6.625 சதவீதம், அது சீட்டிலுள்ள விலையில் சேராது. அரிசி பருப்புக்குக் கிடையாது, சோப்புக்கு உண்டு. சில்லறையை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

பிற்பாடு மகள் ட்ரேடர் ஜோஸ் என்ற கடைக்குக் கூட்டிப்போனாள். சாதாரண சூப்பர் மார்க்கெட்டில் 30 ஆயிரம் சாமான் இருந்தால் இங்கே சுமார் 4 ஆயிரம்தான் என்றாள். எனக்கு அதுவே அதிகம், ஆனாலும் தலை சுற்றவில்லை.

ஊருக்கு வந்த மறுநாள் காலையில் மீன்காரி வந்தாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை, நாட்டுப்படகு மீன் மட்டும்தான். கூடையில் இரண்டே வகை. நான் வழக்கம்போல் குனிந்து செவுளைத் தூக்கப் போனேன். "டீச்சரம்மா, அது உங்களுக்கு வேணாம், நேத்து மீனு. இந்த ஊழியக் கொண்டு போங்க" என்று அவளே எடுத்துச் சட்டியில் போட்டுவிட்டாள். விலைகூடக் கேட்கவில்லை நான். ஐந்து மாதத்தில் எனக்காக யாரோ ஒருத்தர் வேண்டாம் என்று சொன்னது அன்றைக்குத்தான்.

நேற்றும் மாப்பிள்ளை போனில் கேட்கிறார், "அத்தை, நாங்களும் எல்லாப் பாலையும் வாங்கிப் பார்த்துட்டோம், உங்க டீ மாதிரி வரவே மாட்டேங்குதே, அதில் என்னதான் போட்டீங்க?" மகளும் நானும் இதுவரை சொல்லவில்லை. அவர் இதைப் படிக்காமல் இருந்தால் சரி.